கோப்புறையைக் கேட்டால் கோலம் வருகிறது: மேசைக்கணினிச் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் மேசைக்கணினிக்குச் செயலி எழுதுவோருக்கும், அவற்றை நிறுவத் தயாராகப் பொதி கட்டி ஊருக்கு அனுப்புவோருக்கும்,

வணக்கம்.

தலவாக்கலையிலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். கோயிலுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கி, கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மூன்று கணினிகளை அங்கே வைத்து, மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுகிறோம். மழைக்காலத்தில் பனிமூட்டம் சன்னல் வழியே உள்ளே வந்து விசைப்பலகைகளை நனைத்துவிடும். அது உங்கள் குற்றமல்ல. நான் எழுத வந்தது வேறு.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை மேற்பிரிவிலிருந்து நடந்து வருவாள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கி, ஆண்டுவாரியாகப் பெயரிட்டு, ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தாள். சென்ற மாதம் ஒரு நாள் திரையின் அடிப்பட்டையில் ‘இடங்கள்’ பட்டியலைத் திறந்து அந்தக் கோப்புறையின் பெயரைச் சொடுக்கினாள். வினாத்தாள்கள் வரவில்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, வட்டத்தைச் சுற்றி வட்டமாக ஒரு படம் விரிந்தது. வன்தட்டில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளந்து காட்டும் செயலி அது. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

“அண்ணா, என்னுடைய பேப்பர் எல்லாம் கோலமாகிவிட்டது” என்றாள். அழவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதையோ உடைத்துவிட்டவளைப் போல நின்றாள்.

நல்ல செயலிதான் அது. வன்தட்டு நிரம்பியபோது நானேதான் அதை நிறுவினேன். ஆனால் கொழுந்துக் கூடையைக் கேட்டவளிடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுச் சீட்டை நீட்டினால் அவள் என்ன செய்வாள்?

ஹட்டனில் கணினி திருத்தும் ஒரு கடையில் விசாரித்தேன். வைரஸ் என்றார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். நல்லவேளை, கையில் அதற்குப் பணம் இருக்கவில்லை. திரும்பி வந்து நானே தோண்டினேன். விந்தை என்னவென்றால், கோப்புகளையும் கோப்புறைகளையும் காட்டும் செயலியான கோப்பு மேலாளரை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து அதே கோப்புறைக்குப் போனால் வினாத்தாள்கள் அத்தனையும் இருந்தன. பட்டியலிலிருந்து போனால் கோலம். மேலாளர் தன் வீட்டுக்குள் எந்த அறைக்கும் யாரையும் கேட்காமல் நடக்கிறார். வெளியிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ‘கோப்புறைக்குப் பொறுப்பானவர் யார்?’ என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டு மாலை இதற்கே போனது.

அந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று எனக்குப் பிடிபட்டதற்கு எங்கள் தபால்தான் காரணம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்தின் பெயருக்கு வந்து அலுவலகத்தில் குவியும். அந்தப் பக்கம் போகிறவர் எவரோ, அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் தோட்டம் இது. என் அக்காவுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், கீழ்ப்பிரிவில் அதே பெயருள்ள ஓர் ஆச்சியின் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் மூன்று வாரம் இருந்தது. ஆச்சி மீது பிழை சொல்ல முடியாது. பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டார்.

உங்கள் முறையும் தபாலிலிருந்து வந்ததுதான். மின்னஞ்சலுக்குள் இருப்பது படமா, ஒலியா, எழுத்தா என்று சொல்வதற்காக 1992இல் பிறந்த ‘மைம்’ வகைப் பெயர்களைத்தான் மேசைக்கணினியும் எடுத்துக்கொண்டது. லினக்ஸ் மேசைக்கணினிகளுக்குப் பொது விதி வகுக்க 2000இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டொப் திட்டத்தின் விதிப்படி கோப்புறைக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு: ஐநோட்/டைரக்டரி. ஒவ்வொரு செயலியும் தன் அறிமுகக் கோப்பில் தனக்குத் திறக்கத் தெரிந்த வகைகளை ஒரே வரியில் எழுதி வைக்கிறது. இயல்பிருப்பு, அதாவது வேறு எதையும் தெரிவு செய்யாதபோது தானாகத் திறக்கும் செயலி, யார் என்பது ‘மைம்ஆப்ஸ்’ பட்டியலில் இருந்தால் அவரிடம் போகும். இல்லாவிட்டால், தெரியும் என்று சொன்னவர்களின் வரிசையில் முன்னால் நிற்பவரிடம் போகும்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், பாதிக் குற்றம் என்னுடையது. பழைய கணினிகள் மூச்சு வாங்கியதால், அவற்றோடு வந்த மேசைச்சூழலை (திரையில் பட்டைகளையும் பட்டியல்களையும் காட்டும் தொகுதியை) விட்டுவிட்டு இலேசான வேறொன்றை நிறுவினேன். முந்திய சூழலின் பெயரில் எழுதப்பட்டிருந்த இயல்பிருப்புகள் புதிய சூழலுக்குச் செல்லுபடியாகவில்லை. கோப்புறைக்குப் பொறுப்பானவர் இல்லாமற்போனார். வரிசையில் எட்டிப் பார்த்தால் கோப்பு மேலாளரோடு சேர்ந்து அளவுகாரரும், பாட்டுப் பெட்டியும், நிரல் எழுதும் செயலி ஒன்றும் ‘எனக்கும் தெரியும்’ என்று நிற்கிறார்கள்.

நான் உங்களிடம் சண்டை பிடிப்பது இந்த ஒரு வரிக்காகத்தான். ‘என்னாலும் திறக்க முடியும்’ என்பதும் ‘என்னிடமே அனுப்பு’ என்பதும் ஒன்றல்ல. பாட்டுச் செயலிக்கு ஒரு கோப்புறையைக் கொடுத்தால் அதிலுள்ள பாட்டுகளை வரிசையாகப் பாடும்; அது உதவி. அதற்காகத் தோட்டத்துக் கோப்புறை எல்லாம் அதன் வாசலுக்கா போக வேண்டும்? உங்கள் விதியில் இரண்டுக்கும் ஒரே வரிதான் இருக்கிறது. முன்னுரிமைக்கென்று ஓர் எண்ணை எழுதும் வழி கேடிஈ என்ற மேசைச்சூழலில் உண்டு. அதைப் போன்ற ஒன்று எல்லோருக்கும் பொதுவாகட்டும். ‘வலது சொடுக்கில் என் பெயரைக் காட்டு, இயல்பாக என்னை அழைக்காதே’ என்று ஒரு செயலி அடக்கமாகச் சொல்லிக்கொள்ள இடம் இருக்கட்டும். அதுவரை, கோப்பு மேலாளர் அல்லாத செயலிகளை எழுதுகிறவர்கள் கோப்புறை வகையை அந்த வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் செயலிக்குள்ளேயே ‘கோப்புறையைத் திற’ என்ற பொத்தான் இருக்கிறதே, அது போதாதா?

பொதி கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் திரையில் இயல்பிருப்புச் செயலிகளை மாற்றும் பக்கத்தில் இணையத்துக்கும் மின்னஞ்சலுக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் வரி இருக்கிறது, கோப்புறைக்கு இல்லை. யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளையே மாற்றியிருப்பாள். அது இல்லாததால் நான் கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தைத் திறந்து ‘எக்ஸ்டிஜி-மைம் கொயரி டிபோல்ட் ஐநோட்/டைரக்டரி’ என்று கேட்க வேண்டியிருந்தது. தமிழில் எழுதினால் மந்திரம் போல இருக்கிறது. ஆங்கிலத்திலும் எங்கள் பிள்ளைகளுக்கு அது மந்திரம்தான். அளவுகாரரின் பெயர் பதிலாக வந்தது. ‘கொயரி’யை எடுத்துவிட்டு, கோப்பு மேலாளரின் அறிமுகக் கோப்பின் பெயரைச் சேர்த்து மீண்டும் எழுதினேன். கோலம் போய் வினாத்தாள்கள் வந்தன.

ஆனால் அது அந்தப் பயனர் கணக்குக்கு மட்டும். மூன்று கணினி, ஒவ்வொன்றிலும் நான்கு கணக்கு. பன்னிரண்டு தடவை எழுதினேன். கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் ‘இடிசி’ கோப்புறைக்குள், எக்ஸ்டிஜி கோப்புறையிலுள்ள ‘மைம்ஆப்ஸ்’ பட்டியலில் ஒரு தடவை எழுதினால், தனியாக வேறெதுவும் தெரிவு செய்யாத எல்லாக் கணக்குக்கும் போதும் என்பது பன்னிரண்டையும் முடித்த பிறகுதான் தெரிந்தது. இதை வாசிக்கும் வேறு தோட்டத்துக்காரர் எவராவது இருந்தால் அவருக்காவது உதவட்டும்.

மொழிபெயர்க்கிறவர்களையும் விட்டுவைக்க மனமில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கோப்புறை என்று படிக்கிற பிள்ளைக்குத் திரை அடைவு என்கிறது. இயல்பிருப்பு ஓரிடத்தில் முன்னிருப்பு, இன்னோரிடத்தில் இயல்புநிலை. உதவி தேடுகிறவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்? ஒன்றை வைத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

அந்தப் பிள்ளை மறுநாளும் வந்தாள். பட்டியலைத் திறந்தாள்; சொடுக்குவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகத்தான் திறந்தது. இருந்தாலும் இப்போது எல்லாவற்றையும் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறாள்.

இந்த மடலுக்குப் பதில் எழுத நினைத்தால் தோட்டத்தின் பெயருக்கே அனுப்ப வேண்டியிருக்கும். பிந்தினாலும் வந்துசேரும். நான் முதலில் ஆச்சி வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைக்காம்பராவில் கணினி பார்த்துக்கொள்ளும் ஒருவன்