ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேசியக் கணித நாளையொட்டி டிசம்பர் 22 அன்று தாங்கள் வெளியிட்ட ராமானுஜன் சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். இந்த ஆண்டும் 1729 என்ற டாக்ஸி எண், அவர் கனவில் வந்து கணக்குக் காட்டியதாகச் சொல்லப்படும் குலதெய்வம் நாமகிரித் தாயார். நல்ல கதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றை மட்டுமே படிக்கிற பிள்ளை, அந்த மனிதர் உட்கார்ந்து வேலையே செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளும். என் கட்சிக்குச் சாட்சியாக ஓர் எண்ணை அழைக்கிறேன்: 2,93,31,86,25,600.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். அட்டவணை என்றால் விட்டுப்போன வரியைத்தான் கண் முதலில் தேடும். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்த ராமானுஜனின் நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களின் வரிசை அது. வகுத்தி என்றால் மீதியில்லாமல் வகுக்கும் எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று 6 வகுத்திகள். அதைவிடச் சிறிய எதற்கும் 6 கிடையாது. அப்புறம் 24, 36, 48, 60 என்று ஏறி, 6,74,632 கோடியையும் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது. கணினி ஏது அப்போது? எல்லாம் கைக்கணக்கு. அத்தனை நீளப் பட்டியலில் விட்டுப்போனது ஒரே ஒரு எண், மேலே சொன்னதுதான்.

அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 வகுத்திகள். (அந்த 5040-உம் இதே பட்டியலில் இருக்கிறது!) இதற்கு முன்னால் வருவது 2,40,94,02,99,600, வகுத்திகள் 4800. பின்னால் வருவது 3,21,25,37,32,800, வகுத்திகள் 5376. இந்த இரண்டிலும் 23 உண்டு, 7 ஒரு முறைதான். நடுவில் உள்ளது மட்டும் 23-ஐ விட்டுவிட்டு 7-ஐ இன்னொரு முறை சேர்த்துக்கொண்டது. நழுவியது அதனால்தானோ என்னவோ. வேடிக்கை என்னவென்றால், அதையே 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800 வந்துவிடுகிறது.

தாயார் கனவில் காட்டிய பட்டியல் என்றால் ஒரு வரி விட்டுப்போகுமா? 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்ததும் இந்த உழைப்பை வைத்துத்தான்.

அடுத்த டிசம்பரில் மாணவர் பக்கத்தில் விட்டுப்போன எண், அதற்கு முன்னால் வருவது, பின்னால் வருவது ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். காரணி பிரிக்கத் தெரிந்த பிள்ளைகள் தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள். அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் இலக்கங்களை எண்ணிவிடட்டும். ஒவ்வொன்றிலும் 12 இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மயிலாடுதுறை