மூங்கிலும் இல்லை, குதிரைவாலி அரிசியும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் 'ஆதிகால மூங்கில்' என்று ஒரு குறிப்பு வந்தது. படம் அருமை, விஷயத்தில்தான் கோளாறு. என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டாள், அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது கலமைட்டிஸ். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சதுப்புக் காடுகளில் 20 மீட்டருக்கு மேலும் வளர்ந்த மரம், கிட்டத்தட்ட நம் தென்னை உயரம். கணு இருக்கிறது, உள்ளே வெற்றிடம் இருக்கிறது, ஆனால் அதற்காக மூங்கில் ஆகிவிடுமா? மூங்கில் புல் இனம், பூக்கும். இதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை, பெரணி மாதிரி ஸ்போர் என்ற நுண்ணிய தூளைத் தூவிப் பெருகியது. இதன் உறவில் இன்று மிச்சம் இருப்பது ஈக்விசீட்டம் என்ற ஒரே பேரினம்தான். சுங்கை பூலோ நாற்றங்காலில் இடுப்பளவுக்குத் தொட்டியில் பச்சைக் குச்சிகளாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன் (ஊர்ப் பெயரிலேயே மூங்கில் இருக்கிறது, அங்கேயும் அதை மூங்கில் என்றுதான் சொல்லி விற்றார்கள்!). அப்புறம், இந்த இனத்தைக் குறிப்பில் 'குதிரைவாலி' என்று எழுதியதும் சரியில்லை. குதிரைவாலி நாம் பொங்கி உண்ணும் சிறுதானியம். குதிரைவால் செடி என்று எழுதுங்கள்.

குறிப்பில் விட்டுப்போன சுவையான சங்கதி ஒன்று உண்டு. படத்தில் தெரியும் அந்த நீளவாட்டு வரிகள் மரத்தின் பட்டை இல்லை. மரம் சாய்ந்ததும் அதன் குழலுக்குள் சேறு புகுந்து கெட்டியாகி, பிறகு சுற்றியிருந்த மரப்பகுதி மக்கிப்போய், உள்ளே இருந்த சேறு மட்டும் கல்லாக நின்றது. குழாய்ப்புட்டைத் தள்ளி எடுத்தால் குழாயின் உட்புற வடிவம் புட்டில் இருக்கும் இல்லையா, அதேதான். ஆக நாம் பார்ப்பது மரத்தை அல்ல, மரத்துக்குள் இருந்த ஓட்டையை.

இலையும் தண்டும் கூம்பும் தனித்தனியாகக் கிடைத்ததால் ஒரே மரத்துக்குப் பல பெயர்கள் வேறு. இலைக்கு அன்னுலாரியா, கூம்புக்குக் கலமோஸ்டாக்கிஸ், தண்டுக்குக் கலமைட்டிஸ். எங்கள் தாத்தாவுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் வேறு பெயர் இருந்த மாதிரி.

தாத்தா என்றதும் இன்னொன்று. 'பத்து ஆராங் நிலக்கரி இந்த மரங்களில் இருந்து வந்தது' என்று குறிப்பு முடிகிறது. சிலாங்கூரில் இருந்த அந்தச் சுரங்கத்தில் கூடை சுமந்தவர் என் தாத்தா, 1960இல் அது மூடப்பட்ட கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான், அதனால் இதை மட்டும் சும்மா விட மனம் வரவில்லை. பத்து ஆராங் நிலக்கரி டைனோசர்களும் அழிந்த பிறகு, பூக்கும் தாவரங்கள் நிறைந்த காலத்தில் உருவானது. கலமைட்டிஸ் போய் அதற்குள் 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கலமைட்டிஸ் புதைந்திருப்பது இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாதிரி இடங்களின் பழைய நிலக்கரிப் படுகைகளில். அங்கேகூட கரியாக மாறியதில் பெரும்பங்கு லெப்பிடோடென்ட்ரான் போன்ற வேறு மரங்களுடையது.

அந்த மரத்தைவிடப் பழசான ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் பத்துமலைக்குக் கூட்டிப் போகலாம். அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டு. அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும், பேத்தியின் நோட்டில் பழையதன் மேலேயே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்