அக்காவுக்கு வந்த போன்

அன்புள்ள சண்முகம்,

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தேன்.

போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பாய். அது அக்காவுக்கே நடந்துவிட்டது. முதலில் டிராயிலிருந்து, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து, பேசுவதாக ஒருவன், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மிலிருந்து ஆபாச மெசேஜ் போயிருக்கிறது என்றான், அப்புறம் மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு இன்னொருவன், பின்னால் சுவரில் அரசு முத்திரை வேறு. உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியிருக்கிறது, போனை வைத்தால் வீட்டு வாசலுக்கு ஜீப் வரும் என்று மிரட்டி இரண்டு நாள் கேமரா முன்னாலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டியபோது காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ரிசர்வ் வங்கி சரிபார்த்துத் திருப்பித் தரும் என்று நம்பி 3 லட்சம் அனுப்பிவிட்டாள். மறுநாள் டெபாசிட்டை உடைக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் அவள் கை நடுங்குவதைப் பார்த்து உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து விசாரித்ததால் மிச்சம் தப்பியது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்தோம். போன பணத்தில் ஒரு பகுதியை முடக்கி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால், பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கலாம்.

படித்தவள், தலைமை ஆசிரியையாக இருந்தவள் எப்படி ஏமாந்தாள் என்று மருமகன் கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. 2024-இல் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் ஓஸ்வால், 82 வயது, எத்தனை வக்கீல்களைப் பார்த்தவர், அவரே போலி உச்ச நீதிமன்ற விசாரணையை வீடியோவில் பார்த்து நம்பி 7 கோடி கொடுத்தார். ஹரியானாவில் அம்பாலாவில் ஒரு வயதான தம்பதியிடம் போலி நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்ததைப் பார்த்துத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்தது. நம் தலைமுறை அரசாங்கக் காகிதத்துக்கு மரியாதை கொடுத்துப் பழகியது, அதைத்தான் இவன்கள் பிடித்துக்கொள்கிறான்கள். யாரிடமும் சொல்லாதே, இது ரகசிய விசாரணை என்கிறான் பார், அங்கேதான் ஆள் தனியாகிவிடுகிறாள். வீடியோ காலில் கைது செய்ய நம் நாட்டில் சட்டமே கிடையாது என்று சொல்ல அன்று பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

உனக்கு நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் இருக்கிறதே, பென்ஷன் நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கள் என்று எவனாவது கூப்பிட்டால் வைத்துவிடு. தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில், அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீ நினைப்பாய், எனக்குத் தெரியும். அதனால் எந்த அதிகாரி பேசினாலும் "மதுரையில் என் நண்பனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. பணம் போன பிறகு கூப்பிட்டாலும் நான் திட்ட மாட்டேன். தங்கச்சியிடமும் இதைச் சொல்லி வை.

அக்கா இப்போது சாப்பிடுகிறாள், போன் அடித்தால் மட்டும் இன்னும் திடுக்கிடுகிறாள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளிடம் பேசு. நீதான் பேசப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

உன்
வேலு