படக்கல்லைக் கழுவ வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவீடனின் கோட்லாந்து தீவில், ஷெங்வீடே பண்ணையில் 1844-இல் கிடைத்த படக்கல், அதாவது உருவங்கள் செதுக்கிய பழங்காலக் கல், சுண்ணாம்புக்கல்லால் ஆனது. உயரம் சுமார் 1.7 மீட்டர். எட்டுக்கால் குதிரையில் ஒருவன் வருகிறான். கீழே பாய்மரக் கப்பல். ஓரத்தில் உள்ள ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன.

இத்தகைய கற்களின் செதுக்கல் ஆழமற்றது. நேர்வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. இருட்டில் விளக்கைக் கல்லின் மேற்பரப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் எழும்பும். விளக்கை நாற்புறமும் நகர்த்திப் படமெடுக்க வேண்டும். உழவில் கல் தட்டுப்பட்டால் கம்பித் தூரிகையோ அமிலமோ கூடவே கூடாது. மேற்பரப்போடு உருவமும் போய்விடும்.

20-ஆம் நூற்றாண்டில் பல கற்களின் கோடுகளில் வண்ணம் தீட்டினார்கள். அது ஆய்வாளரின் ஊகம். சிற்பியின் கோடு அல்ல. படம் வெளியிடுவோர் இதைக் குறிப்பிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்