வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: 2023–2024

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், செயற்குழுவினர்க்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவர்க்கும் என் பணிவான வணக்கம். செங்கல்பட்டில் இயங்கும் நமது நூலக வாசகர் வட்டத்தின் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான பணிகளை இவ்வறிக்கையின் வழி தங்கள் முன் வைக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் நடைபெறும் நூல் அறிமுகக் கூட்டம் டிசம்பர் நீங்கலாக எல்லா மாதங்களிலும் நடைபெற்றது. டிசம்பர் 3ஆம் தேதி மிக்ஜாம் புயலின் கனமழையால் கூட்டம் கைவிடப்பட்டது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்தில் பள்ளி மாணவர்க்குப் பேச்சு, கட்டுரைப் போட்டிகள் நடத்திப் பரிசுகள் வழங்கினோம்.

இவ்வாண்டின் முதன்மையான பணி, சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிக்கு நமது வட்டம் மேற்கொண்ட பயணமும், அதைத் தொடர்ந்து பிப்ரவரியில் நாம் நடத்திய மொழிபெயர்ப்புக் கருத்தரங்கமும் ஆகும். இவ்விரண்டையும் முன்மொழிந்து பொறுப்பேற்று நடத்தியவன் என்ற முறையிலும், புத்தகம் வாங்க முடியாத கண்காட்சிக்கு ஏன் சென்றோம், வேன் வாடகை வீண்செலவு அன்றோ என்று சில உறுப்பினர்கள் எழுப்பிய வினாக்களுக்கு எழுத்தில் விடை தரவேண்டும் என்ற கடமையாலும் இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமாகிய பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியை நம்மில் அறியாதவர் இல்லை. அதன் 47ஆவது காட்சி 2024 சனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடைபெற்றது. அதே மாதம் 16, 17, 18 ஆகிய மூன்று நாள்களில் நடைபெற்றது பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி. இதனை நடத்துவது தமிழ்நாடு அரசு. பொது நூலக இயக்ககமும் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகமும் இதன் ஏற்பாடுகளைச் செய்கின்றன. 2023இல் முதன்முறையாகவும் இவ்வாண்டு இரண்டாம் முறையாகவும் நடந்த இக்கண்காட்சிக்கும் பபாசி நடத்தும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததே பிப்ரவரி மாதக் கூட்டத்தில் எழுந்த மனக்குறைகளுக்கெல்லாம் காரணம்.

பபாசியின் காட்சியில் விற்பனைக்கு வைக்கப்படுவது புத்தகம். பன்னாட்டுக் கண்காட்சியில் பேசி முடிக்கப்படுவது புத்தகத்தின் உரிமை, அதாவது அதனை வேறொரு மொழியில் பெயர்த்து வெளியிடும் உரிமை. அங்கே பதிப்பாளர்களும் இலக்கிய முகவர்களும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு மேசையின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர் தம் பட்டியலில் உள்ள நூலைப் பற்றிச் சொல்ல, மற்றவர் அது தம் மொழி வாசகருக்குப் பொருந்துமா, எத்தனை படிகள் அச்சிடலாம், மொழிபெயர்ப்பாளர் யார், அவருக்கான ஊதியத்தை யார் ஏற்பது என்றெல்லாம் கேட்டறிந்து, உடன்பாடு ஏற்பட்டால் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார்கள். 1949 முதல் பிராங்பர்ட்டில் நடந்துவரும் புத்தகச் சந்தையும், சிறார் நூல்களுக்கென்றே இத்தாலியின் போலோனியாவில் நடைபெறும் சந்தையும் இப்பணியைத்தான் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றன. சென்னையில் 2023இல் 365 ஒப்பந்தங்களும், ஏறத்தாழ நாற்பது நாடுகள் பங்கேற்ற இவ்வாண்டுக் கண்காட்சியில் 752 ஒப்பந்தங்களும் கையெழுத்தாயின. ஒரே ஆண்டில் எண்ணிக்கை இருமடங்கானது தமிழ்ப் பதிப்புலகிற்குச் சிறிய செய்தி அன்று.

17ஆம் தேதி காணும் பொங்கல் அரசு விடுமுறையாதலால், அலுவலகம் செல்லும் உறுப்பினர்களுக்கும் வசதியாக இருக்கும் என்று கருதி அந்நாளையே பயணத்திற்குத் தேர்ந்தோம். செயற்குழுவில் ஒருமனதாக முடிவு செய்து, பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப முன்பணம் செலுத்தி வேன் அமர்த்தினோம். பெயர் கொடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரவில்லை. வீட்டிற்கு உறவினர் வந்திருந்ததாகச் சிலர் தெரிவித்தனர். சிலர் அதையும் தெரிவிக்கவில்லை. முதல் நாள் மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், இடமில்லை என்று நாம் திருப்பியனுப்பிய கல்லூரி மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கலாம். மனம் வருந்திச் சொல்கிறேன், அந்த மாணவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு நாள் வீணாயிற்று. வேனின் முழு வாடகையையும் பொதுநிதியிலிருந்தே செலுத்த நேர்ந்தது.

வந்திருந்தவர்கள் காலையில் பன்னாட்டு அரங்கைச் சுற்றிப் பார்த்தபின், உரிமைப் பரிமாற்றம், மொழிபெயர்ப்பு, சிறார் இலக்கியம் முதலியவற்றைப் பற்றிய உரைகளையும் கலந்துரையாடல்களையும் கேட்டனர். ஓவியங்களே பெரும்பகுதியாக அமைந்த அயல்நாட்டுச் சிறார் நூல்கள் நம் ஆசிரியப் பெருமக்களான உறுப்பினர்களை வெகுநேரம் நிறுத்திவைத்தன. சொற்கள் குறைவாக உள்ள இத்தகைய நூல்களை மொழிபெயர்ப்பது எளிதாயினும், வண்ண அச்சுச் செலவால் தமிழில் விலை குறைத்து வெளியிடுவது கடினம் என்பதை அங்கிருந்த பதிப்பாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மாலையில் பபாசி காட்சியில் அவரவர் விரும்பிய நூல்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

“ஒரு புத்தகம்கூட வாங்க முடியாத கண்காட்சிக்கு வாசகர் வட்டம் ஏன் போகவேண்டும்?” என்று மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர் பிப்ரவரிக் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டது நியாயமான வினா. அவருக்கு விடை சொல்லும் பொருட்டே அம்மாதக் கடைசி ஞாயிறன்று கருத்தரங்கை நடத்தினோம்.

நம்மில் அறுபதைக் கடந்தவர்கள் உருசிய இலக்கியத்தை எப்படிப் படித்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டை நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மிகக் குறைந்த விலையில் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றது. அந்த விலைக்கு அந்நூல்கள் கிடைத்ததற்குக் காரணம், ஒரு நாட்டின் அரசு தன் இலக்கியம் பிற மொழிகளில் படிக்கப்பட வேண்டும் என்று கருதிச் செலவை ஏற்றதுதான். தமிழ்நாடு அரசு இன்று வழங்கும் மொழிபெயர்ப்பு நல்கையும், அதாவது மொழிபெயர்ப்புக்கான நிதியுதவியும், அதே வகையைச் சேர்ந்தது. தமிழ் நூலொன்றைத் தன் மொழியில் வெளியிட முன்வரும் அயல்நாட்டுப் பதிப்பாளருக்கு, அறியாத மொழியொன்றில் முதலிடும் அச்சத்தை அந்நல்கை குறைக்கிறது. மராத்திய எழுத்தாளர் காண்டேகரை, அவரைத் தமிழில் பெயர்த்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. வழியே, தமிழ்நாடு தன் எழுத்தாளராகவே கொண்டாடியது. அவ்வாறு தமிழ் எழுத்தாளர் ஒருவரை வேற்று நிலத்தார் கொண்டாடிய நிகழ்வுகள் மிகக் குறைவு. 2023இல்தான், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கு வழங்கப்படும் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் முதன்முறையாகத் தமிழ் நாவலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு இடம்பெற்றது.

கருத்தரங்கில் உரிமை பற்றிய பகுதியே மிகுந்த விவாதத்திற்கு உள்ளாயிற்று. நல்ல நூலை மொழிபெயர்க்க ஒப்பந்தம் எதற்கு என்பது பலரின் ஐயம். அரசுடைமையாக்கப்பட்ட பாரதியாரின் எழுத்துகளை எவரும் எம்மொழியிலும் வெளியிடலாம். ஆனால் நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகளும் அவர் படைப்புகளின் உரிமை காக்கப்படுகிறது. மொழிபெயர்க்கும் உரிமையும் அதனுள் அடக்கம். அனுமதியின்றி அயல்மொழிக் கதைகளைத் தமிழில் வெளியிடும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. அதனை நான் ஒருபோதும் பெருமையாகக் கருதியதில்லை. நம் எழுத்தாளருக்கு உரிய தொகை வரவேண்டும் என்று விரும்பும் நாம் பிறருக்கு உரியதையும் கொடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் புத்தகம் வந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, செம்மையாக்கம் எல்லாம் முடிந்து நூல் வெளிவர ஓராண்டு, ஈராண்டு ஆகலாம். சில ஒப்பந்தங்கள் காகிதத்தோடு நின்றும் போகலாம். முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள் அச்சிட்ட தமிழ்ப் பதிப்பாளர்கள் இன்று சில நூறு படிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சில நூறும் விற்காவிட்டால், உரிமைத்தொகை கொடுத்து அடுத்த நூலை வாங்க அவர்கள் துணியமாட்டார்கள். அரசு கண்காட்சி நடத்தலாம், நல்கையும் வழங்கலாம். வெளிவந்த நூலை வாங்கிப் படித்து அதைப் பற்றிப் பேசவேண்டிய பொறுப்பு நம்மைப் போன்ற வட்டங்களுடையது. பன்னாட்டுக் கண்காட்சிக்கு நாம் சென்றது இக்காரணத்திற்காகத்தான். இக்கருத்தரங்கின் பயனாக, நூலகர் அவர்களின் இசைவுடன் மொழிபெயர்ப்பு நூல்களுக்கெனத் தனி அலமாரி ஒன்று மார்ச் மாதம் அமைக்கப்பட்டது. அதில் இன்னும் இரண்டு தட்டுகள் காலியாக உள்ளன.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கடந்த ஆண்டின் இருப்பும் இவ்வாண்டுச் சந்தாவும் சேர்ந்து பரிசுகள், வேன் வாடகை, கருத்தரங்கச் செலவு ஆகியவற்றிற்கு ஏறக்குறையச் சரியாகிவிட்டன. ஒரு சிறு தொகை கையிருப்பில் உள்ளது. சந்தா நிலுவை வைத்துள்ள உறுப்பினர்களின் எண்ணிக்கை செலுத்தியவர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக உள்ளது என்பதை மறைப்பதற்கில்லை. நினைவூட்டுக் கடிதம் இருமுறை அனுப்பினோம். வேன் வாடகையை வீண்செலவு என்று கூட்டத்தில் குறை கூறியவர்களிலும் நிலுவை உள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய விமர்சனத்தை மதிக்கிறேன். சந்தாவைச் செலுத்தியபின் அவர்கள் கூறியிருப்பார்களாயின் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

கூட்டங்களுக்கு இடமளித்த நூலகர் அவர்களுக்கும், பரிசு நூல்களை வழங்கிய அன்பர்களுக்கும், கருத்தரங்கில் ஊதியம் பெறாமல் உரையாற்றிய மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற தலைவர் அவர்களுக்கும், எனக்குத் துணைநின்ற இணைச் செயலாளர் அம்மா அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மாதக் கூட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்று மொழிபெயர்ப்பு நூலுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றும், அலமாரிக்கு மாதம் ஒரு நூலேனும் வாங்க வேண்டும் என்றும், அடுத்த பன்னாட்டுக் கண்காட்சிக்கு, இம்முறை நாம் திருப்பியனுப்பிய கல்லூரி மாணவர்களை முதலில் அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். இவை நிறைவேற இப்போதுள்ள கையிருப்பு போதாது. செயலாளர் பொறுப்பிற்கு வேறொருவர் முன்வந்தால் கணக்குகளையும் அலமாரியின் சாவியையும் இன்றே ஒப்படைக்க அணியமாக உள்ளேன்; எவரும் முன்வராவிடில் இப்பணியைத் தொடர்வதிலும் எனக்குத் தடையில்லை. ஆனால் அதற்கு உறுப்பினர்களின் வருகையும் சந்தாவும் தேவை. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள மேசையில் கூட்டம் முடியும்வரை அமர்ந்திருப்பார்.

இவண்,
செயலாளர்