அப்பாவின்ர 37 பதிவுகள்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

ஆறு மாதமா உனக்கு ஒரு வரி எழுதேல்லை. அப்பாவின்ர திவசத்தண்டு நீ கோல் எடுத்தனி, நான் திருப்பி எடுக்கேல்லை. அது மனசில கிடந்து குத்துது, மன்னிச்சுக்கொள். அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் அப்பிடியேதான். கட்டையன் கலியாணம் முடிச்சிட்டான். உன்ர பந்தயக் காசை எடுத்து வை.

இப்ப விஷயத்துக்கு வாறன். என்ர பழைய லப்டொப், நீ அரிசிமூட்டை எண்டு பேர் வைச்சது, விண்டோஸ் 10இல ஓடினது. 2025 ஒக்டோபர் 14ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சுது. 11 அதில ஏறாது. சரி, விண்டோஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்தில லினக்ஸ் மின்ட் 22 போடுவம் எண்டு போன சனிக்கிழமை இருந்தன். அரை மணித்தியாலத்தில ஏறிட்டுது. சந்தோசமா டி டிரைவைக் கிளிக் பண்ணினன். திறக்கேல்லை. பிழையான ஃபைல் சிஸ்டம், கெட்ட சூப்பர்பிளாக் எண்டு ஒரு செய்தி.

மச்சான், அந்த டி டிரைவிலதான் அப்பா சொன்ன நெடுந்தீவுக் கதையள் 37ம் இருக்கு. வேற பிரதி இல்லை. எனக்குக் கை நடுங்கத் தொடங்கிட்டுது.

பம்பலப்பிட்டியில ஒரு கடைக்குக் கொண்டு போனன். பொடியன் மூடியைக்கூடச் சரியாத் திறக்கேல்லை. "டிஸ்க் போச்சு அண்ணா, ஃபோமட் அடிக்க வேணும்." ஆற்றையோ தகப்பன்ர குரல் அதுக்குள்ள கிடக்கலாம் எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே! வந்த கோவத்தில லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு காலி வீதியால வீடு மட்டும் நடந்தே வந்தன்.

பிழைச்செய்தியை முழுசா வாசியடா எண்டு நீ கத்துறது அப்பதான் ஞாபகம் வந்துது. டெர்மினலைத் திறந்து, சிஸ்டத்தின்ர உள்செய்தியளைக் காட்டுற டிமெஸ்ஜ் கட்டளையை அடிச்சன். கடைசி வரியில கிடக்குது காரணம்: வொலியூம் டேர்ட்டி, ஃபோர்ஸ் குடுக்கேல்லை. அதாவது டிரைவ் முறையா மூடுபடேல்லை, வற்புறுத்தித் திறக்கச் சொல்லவும் இல்லை. டிஸ்கில ஒரு குறையும் இல்லை! ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போட்டிருந்தால், ஷட் டவுன் அடிச்சாலும் விண்டோஸ் முழுசா நிக்காதாம். அடுத்த முறை கெதியா எழும்பிறதுக்காகத் தன்ர நிலையை ஒரு கோப்பில எழுதி வைச்சிட்டுப் படுத்திடும். டிரைவுகளை முறையாக் கழட்டி விடாது. கணக்குக் கொப்பியை விரிச்சபடி ஆரோ எழும்பிப் போன மாதிரி. அதில கை வைக்க மாட்டன் எண்டு லினக்ஸ் நிண்டது சரிதான்.

ஃபோர்ஸ் குடுக்க விரல் போச்சுத்தான். குடுக்கேல்லை. திரும்ப விண்டோஸுக்குப் போய் பவர்சிஎஃப்ஜி கட்டளையால ஹைபர்னேட்டை, அதான் அந்த எழுதி வைச்சிட்டுப் படுக்கிற வேலையை, நிப்பாட்டி, டி டிரைவில பிழை இருக்கோ எண்டு பாக்கிற செக்டிஸ்க் ஓட்டி, முழுசா நிப்பாட்டினன். பிறகு மின்டில கிளிக் பண்ண, திறந்துது.

அதோட விட்டிருக்கலாம். மிசின் எழும்பேக்க டி டிரைவும் தானாத் திறந்து மவுண்ட் ஆகட்டும் எண்டு, எந்த டிரைவுகளைத் திறக்கிறது எண்டு லினக்ஸ் பாக்கிற எஃப்எஸ்டாப் கோப்பில ஒரு வரி எழுதினன். டி டிரைவ் விண்டோஸின்ர என்டிஎஃப்எஸ் வகை, அதின்ர அடையாள நம்பர் (யூயூஐடி) 16 எழுத்து, அதில ஒரு 8ஐ பி எண்டு அடிச்சுப்போட்டன். அடுத்த முறை போட, இல்லாத டிஸ்கைத் தேடி 90 விநாடி நிண்டிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிட்டுது. ரூட் எண்ட நிர்வாகிக் கணக்குப் பூட்டிக் கிடந்ததால உள்ளயும் விடேல்லை. இன்ஸ்டோல் பண்ணின பென் டிரைவாலயே பூட் பண்ணி, அந்த ஒரு எழுத்தைத் திருத்தி, நோஃபெயில் எண்டும் சேர்த்து விட்டன். அது இருந்தால் டிஸ்க் கிடைக்காட்டியும் மிசின் எழும்பும். நீயும் போடப்போறாய் எண்டால் அந்த நம்பரைக் கையால அடிக்காதை, கொப்பி பண்ணு.

முதல் பதிவைப் போட்டன். அப்பா தீவில திரியிற குதிரையளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வாறார். நடுவில எங்கட வீட்டுக்குக் கீழால ரயில் போகுது. கதையை நிப்பாட்டி, அது போய் முடியுமட்டும் பேசாமல் இருந்து, பிறகு "ம்ம், எங்க விட்டனான்?" எண்டு கேக்கிறார். அம்மா குசினிக்குள்ள இருந்து "குதிரை" எண்டு பதில் சொல்லுறா. அது பதிவில இல்லை மச்சான், நேற்று.

37ஐயும் ஒரு பென் டிரைவில போட்டு வைச்சிருக்கிறன். சின்னக்கா வெள்ளிக்கிழமை மட்டக்களப்புக்கு வாறா, அவவிட்டக் குடுத்து விடுறன். உன்ர மிசினில கொப்பி பண்ணிப்போட்டு, பென் டிரைவை அலுமாரியில பத்திரமா வை. வைச்சதும் எனக்கு ஒரு கோல் எடு, இந்த முறை கட்டாயம் எடுப்பன்.

உன்ர,
பக்கத்து மேசைக்காரன்