தீபாவளி விழாவில் ஒரு மேசை கொடுங்கள்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நியூஜெர்சியில் ஒரு ஃபார்மசியில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கவுன்ட்டருக்கு வரும் நம்மூர்ப் பெரியவர்கள் பலரிடம் மெடிகேர் அட்டை, அதாவது 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, இருக்கிறது. ஆனால் அதில் மருந்துச் செலவுக்கான பகுதியான பார்ட் டி இருப்பதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "எனக்கு எதுக்கும்மா? பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஊர்லேருந்தே வந்துடுது."

அவர்கள் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. மெட்ஃபார்மின், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் போன்ற சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகள் எல்லாம் ஊரில் மலிவு. இங்கேயே ஜெனரிக்காக வாங்கினாலும் பெரிய செலவில்லை. அப்படியிருக்க மாதாமாதம் பிரீமியம் எதற்கு என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மெடிகேர் கேட்பதில்லை. எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்றுதான் கேட்கிறது. இந்த விவரம் பெரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களைவிட்டால் வேறு ஆளில்லை என்பதால்தான் இந்த மடல்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு அக்டோபரில், நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு வர வழிவிட்ட குடியேற்றச் சட்டத்திலும் அவரே கையெழுத்திட்டார். அன்றைய மெடிகேரில் வீட்டில் வைத்துச் சாப்பிடும் மருந்துகளுக்கு இடமில்லை. 2003 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சேர்த்தது. நடைமுறைக்கு வந்தது 2006 ஜனவரியில். நடத்துவது தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள், சேருவது அவரவர் விருப்பம். நன்றாக இருக்கும்வரை ஒதுங்கி நின்று, நோய் வந்தபிறகு மட்டும் எல்லோரும் வந்து சேர்ந்தால் எந்த இன்சூரன்ஸும் தாங்காது. அதற்காகத்தான் தாமதமாகச் சேருகிறவர்களுக்கு அபராதம் வைத்தார்கள்.

65 வயது ஆகும் மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்கள், பிந்தைய மூன்று மாதங்கள் என்று ஏழு மாத அவகாசம் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ, டாக்டர் செலவுக்கான பார்ட் பி ஆகியவற்றில் சேர்ந்துவிட்டால் பார்ட் டி தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. தனியாகச் சேர வேண்டும், அல்லது மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தருவதும் மருந்தையும் சேர்த்துத் தருவதுமான அட்வான்டேஜ் திட்டம் ஒன்றில் இருக்க வேண்டும். அவகாசம் முடிந்தபின் தொடர்ந்து 63 நாளோ அதற்கு மேலோ மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்தால், அப்படி விட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதம். 2026-க்கு அந்த அடிப்படைத் தொகை 38.99 டாலர். இரண்டு வருஷம் விட்டவருக்கு 24 சதவீதம், அதாவது மாதம் 9.40 டாலர் பிரீமியத்தோடு கூடும். "பத்து டாலர்தானே" என்பார்கள். பார்ட் டி இருக்கும் காலம் முழுக்க, பெரும்பாலும் ஆயுள் முழுக்க, அதைக் கட்ட வேண்டும். அடிப்படைத் தொகை ஏறினால் அபராதமும் சேர்ந்து ஏறும்.

சொல்லப்போனால் எனக்கு அபராதம்கூடப் பெரிய கவலை இல்லை. அவகாசத்தைத் தவறவிட்டவர் நினைத்த நாளில் சேர முடியாது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை ஆண்டுதோறும் நடக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் என்ற சேர்க்கைக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதில் சேர்ந்தாலும் காப்பீடு தொடங்குவது ஜனவரி 1-இல்தான். ஒருவருக்குப் பிப்ரவரியில் இதயத் துடிப்பு சீர்கெட்டு, ரத்தம் உறையாமல் இருக்க எலிக்விஸ் எழுதித் தருகிறார்கள் என்று வையுங்கள். பட்டியல் விலை மாதத்துக்கு 500 டாலருக்கு மேல் இருந்த மருந்து அது. மெடிகேர் பேரம் பேசியதில் 2026 ஜனவரியிலிருந்து 231 டாலராகக் குறைந்திருக்கிறது, ஆனால் அந்த விலை பார்ட் டி வைத்திருப்பவர்களுக்கு. இவர் அடுத்த ஜனவரிவரை கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தவணை முறையில் சாப்பிடுகிற மருந்து இல்லை அது. காசில்லை என்று இடையில் நிறுத்தினால் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து யார் வருகிறார்கள், யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பார்ட் டி முன்பிருந்ததைவிட இப்போது எவ்வளவோ மேல். திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஒரு வருஷத்தில் கைப்பணம் 2026-இல் 2,100 டாலரைத் தாண்டாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு இன்சுலினுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அக்கிக்கான தடுப்பூசிக்குக் காசே இல்லை. வீட்டுக்கு ஒருவராவது சர்க்கரை நோயாளி இருக்கும் நம் சமூகத்தில் இதை மேடையேறிச் சொல்ல ஆளில்லை என்பது ஆச்சரியம்தான். இட்லியா தோசையா என்று பட்டிமன்றம் நடத்த மட்டும் ஆள் கிடைக்கிறார்கள்.

யார் யாருக்கு இது சிக்கலாகிறது என்று நான் பார்த்தவரை சொல்கிறேன்.

முதலில், பிள்ளைகள் கிரீன் கார்டு எடுத்து அழைத்துவந்த அப்பா அம்மாக்கள். 65 வயதைத் தாண்டி வந்தவர்கள் இங்கே தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்தபின் மெடிகேரை விலை கொடுத்து வாங்கலாம். மகனும் மகளும் எத்தனை வருஷம் வரி கட்டியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் சேராது என்பதால் பார்ட் ஏ விலை அதிகம். அதனால் பார்ட் பி மட்டும் எடுப்பவர்கள் உண்டு. அதை வைத்தே பார்ட் டி-யிலும் சேரலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டு நிறைவதை ஒட்டிய மாதங்கள்தான் அவர்களுடைய அவகாசம். பிள்ளைகளுக்கு வேலை, குழந்தைகளின் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு என்று ஓடும்போது அந்த மாதங்கள் சத்தமில்லாமல் போய்விடுகின்றன.

அடுத்து, தொண்ணூறுகளில் ஐடி வேலைக்கு வந்து இப்போது அறுபதுகளில் இருப்பவர்கள். 65-க்குப் பிறகும் வேலையில் தொடர்ந்து, கம்பெனி இன்சூரன்ஸில் நல்ல மருந்துக் காப்பீடு இருந்தால் அபராதம் இல்லை. அது மெடிகேர் ஏற்கும் தரத்தில் உள்ளதா என்று கம்பெனி ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 15-க்கு முன் அறிவிக்க வேண்டும். இலவச விளம்பரம் என்று குப்பைத்தொட்டியில் போகும் கடிதம் அதுதான். தயவுசெய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டபின் பார்ட் டி-யில் சேர இரண்டு மாத அவகாசம்தான். பின்னொரு நாள் அபராதக் கடிதம் வந்தால், 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க ஆதாரமாக நிற்பதும் அந்தக் காகிதமே.

அப்புறம், குளிருக்குப் பயந்து டிசம்பரில் சென்னைக்குப் போய்ச் சித்திரைக்குத் திரும்புகிறவர்கள். முழுக்க ஊரிலேயே குடியிருந்த மாதங்கள் பார்ட் டி அபராதத்தில் சேராது, திரும்பி வந்ததும் இரண்டு மாதத்துக்குள் சேர்ந்துகொள்ளலாம். இங்கே வீடு வைத்துக்கொண்டு போய்வருகிறவர் விஷயம் வேறு. அவர் இங்கே குடியிருப்பவர்தான், அவருக்கு மாதக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஃபார்மசி தள்ளுபடிக் கூப்பன் போனில் இருக்கிறது, அது போதாதா என்றும் கேட்கிறார்கள். அது காப்பீடு ஆகாது. ஊரிலிருந்து பெட்டியில் வரும் மாத்திரையும் ஆகாது.

வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்று ஓர் உதவி உண்டு. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் பிரீமியமும் மருந்துச் செலவும் வெகுவாகக் குறையும், தாமத அபராதமும் இல்லை. கணவன் மனைவி வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், பிள்ளைகளின் சம்பளத்தைச் சேர்க்க மாட்டார்கள். ஊரில் உள்ள மனையும் வங்கி இருப்பும் கணக்கில் வரும் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். "பிள்ளை நல்லா சம்பாதிக்கிறான், நமக்கு எங்கே கொடுப்பாங்க" என்று கேட்காமலே விடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது என் வேண்டுகோள். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. நீங்கள் விழாவை எந்த வாரக் கடைசிக்குத் தள்ளினாலும் பெரும்பாலும் அது ஓப்பன் என்ரோல்மென்ட் காலத்துக்குள்தான் விழும். வருஷத்தில் நம் பெரியவர்கள் பட்டுப்புடவை கட்டி, வேட்டி கட்டி ஒரே கூரையின் கீழ் வந்து உட்காரும் நாள் அது. அங்கே ஒரு மேசை போடுங்கள்.

அந்த மேசையில் யார் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. விழா மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த இன்சூரன்ஸ் முகவரை உட்கார வைக்காதீர்கள். நல்லவராகவே இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம். ஆனால் விற்றால்தான் அவருக்குக் கமிஷன். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஹைகேப் என்பார்கள். அவர்கள் எதையும் விற்பதில்லை. செப்டம்பரிலேயே கேட்டு வையுங்கள், அக்டோபர் பிறந்துவிட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற நம்மவர்கள் சிலர் சேர்ந்தால் தமிழிலேயே விளக்க ஆள் கிடைத்துவிடும். அதுவரை, மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம் என்பதையாவது மலரின் பின்னட்டையில் அச்சிடுங்கள்.

வருகிறவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். திட்டங்களின் மருந்துப் பட்டியல் வருஷாவருஷம் மாறுவதால், ஏற்கெனவே சேர்ந்தவர்களும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மெடிகேர் எண்ணை மட்டும் யாரிடமும் எழுதி வாங்க வேண்டாம். அந்த எண்ணுக்காகவே அலையும் மோசடிக்காரர்கள் உண்டு.

நியூஜெர்சிச் சங்கம் எதுவானாலும் நானும் வந்து உட்காரத் தயார். மேசையைச் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் போடுங்கள். மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம், பறை முழங்கும்போது 63 நாள் கணக்கெல்லாம் யார் காதிலும் விழாது.

அன்புடன்,
நியூஜெர்சியிலிருந்து ஒரு மருந்தாளுநர்